மிகத் தெளிவாகக் கேட்டது

போன வாரம் என் மகன் என் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். சிற்றலை வானொலி எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், எங்கிருந்து எங்கே போய்ச் சேரும் என்று வண்ணப்படமே போட்டுக் காட்டுகிறது அது. பச்சை என்றால் போகும், சிவப்பு என்றால் போகாது, அவ்வளவுதான் விஷயம். திருநின்றவூரில் எங்கள் அடுக்கக வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கிழக்கே பத்து நாடுகளுக்குப் பளிச்சென்று பச்சைக் கோடு விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! பாதையெல்லாம் திறந்துதான் கிடக்கிறதாம், சாமி. அந்தக் கோடியிலிருந்து பேசத்தான் ஆளில்லை. தமிழில் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிலையங்களில் பெரும்பாலானவை சிற்றலையை மூட்டைகட்டி வைத்துவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டைப் பிடிக்கலாமென்று ரேடியோவைத் திருகினால் ‘கொர்’ரென்று ஒரே இரைச்சல். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், லிஃப்ட், கீழ்வீட்டுக்காரரின் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கத்துகிறது.

“சூப்பரா இருக்குல்லப்பா?” என்றான் மகன்.

“இருக்குடா, ரொம்ப சூப்பரா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் மேல் என்ன தப்பு? இந்தப் பச்சைக் கோட்டை ஒருகாலத்தில் அவன் அப்பன் பென்சிலால், வரைபடத் தாளில், ஞாயிறு ஞாயிறாகக் குந்தி வரைந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் தரம் பார்க்கும் வேலை. திருவள்ளூரில் அறை எடுத்திருந்தேன். கம்பெனி பஸ் ஊரூராக நின்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். நான் வரைந்த தாள்களுக்கெல்லாம் ஒரு வாசனை உண்டு. கம்பியிலிருந்து உதிரும் இரும்புச் செதிலின் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது விரலை விட்டுப் போகாது. இன்றைக்கும் ரயிலில் பழைய இரும்புக் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் எனக்குச் சூரியப் புள்ளிதான் ஞாபகம் வருகிறது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

சூரியப் புள்ளிக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது ஆலையிலும் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சிற்றலை தரையோடு ஒட்டி வருவதில்லை. மேலே போகும். வெகு உயரத்தில் சூரிய ஒளி காற்றில் மின்னேற்றி வைத்திருக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. அதில் பட்டு வளைந்து ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கீழே இறங்கும். சூரியனில் புள்ளிகள் நிறைந்திருக்கும் வருடங்களில் அந்த அடுக்கு நல்ல பலத்தோடு இருக்கும், உயர்ந்த அலைவரிசையையும் திருப்பி அனுப்பும். புள்ளி குறைந்த வருடங்களில், அதிலும் குளிர்காலத்தில், பொழுது சாய்ந்ததும் அது சோர்ந்து போய்விடும். அந்த நேரத்தில் உயர்ந்த அலைவரிசையில் அனுப்பினால் ஓட்டைக் கூரையில் புகை போகிற மாதிரி வானத்தைத் தாண்டிப் போய்விடும். கீழே நமக்கு ஒன்றும் வராது. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசை வரை வானம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் பைத்தியம். புள்ளிக் கணக்கை ஞாயிறுதோறும் ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சியில் வாசிப்பார்கள். குறித்துக்கொள்வேன்.

விளைவு, ஆலையில் எனக்கு ஜோசியர் என்று பெயர் விழுந்தது. “இன்னா ஜோசியரே, இன்னிக்கு வானத்துல எந்தப் பக்கம் சூலம்?” என்று பஸ் ஏறும்போதே ஆரம்பிப்பார்கள். மேலாளர் ஒருநாள் தன் மகளைப் பெண் பார்க்க வருகிற அன்று மழை வருமா என்று நிஜமாகவே கேட்டார். வராது என்றேன். கொட்டித் தீர்த்தது. அதோடு அவர் என்னை விட்டுவிட்டார்.

விடாதவர் தயாளண்ணன் ஒருவர்தான். கிரேன் ஓட்டுவார். திருப்பாச்சூர் பக்கத்தில் வீடு, ஒன்றரை ஏக்கர் நெல்வயல். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் ஒரு வெளிநாட்டு நிலையத்தின் தமிழ் நேயர் மன்றத் தலைவர். மன்றத்தில் நாற்பது உறுப்பினர்கள், ஏட்டில். ரேடியோ கேட்கிறவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். மற்றபடி ஊரில் இருக்கிற மச்சான், சித்தப்பா, அவர்கள் பெண்டாட்டிகள் எல்லாரும் தங்களுக்கே தெரியாமல் உறுப்பினர்கள்.

நேயர் மன்றம் என்றால் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நிலையத்துக்கு மாதாமாதம் அறிக்கை அனுப்பும். நிகழ்ச்சி எப்படிக் கேட்டது என்பதற்கு ஐந்து எண்கள் எழுத வேண்டும். ஒலியின் பலம், பிற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏறி இறங்குதல், மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் பழுதே இல்லை. அங்கே இருக்கும் பொறியாளர் இதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு அலைவரிசையை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். தயாளண்ணன் கேன்டீனில் சோறு தின்றுவிட்டு நாற்பது அறிக்கையையும் ஒரே கையில் எழுதுவார். நாற்பதிலும் ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. கீழே ஒரு வரி: ‘மிகத் தெளிவாகக் கேட்டது. நன்றி.’

எனக்கு ரத்தம் கொதிக்கும். வயலில் ஒரு பம்பு செட் ஓடினாலே தெரு முழுக்க ரேடியோவில் இடி இடிக்கிற ஊர் அவருடையது. இதில் இரைச்சலுக்கு ஐந்தாம்!

“ஏண்ணா, நேத்து அவங்க பேசினது உனக்குப் பாதியாவது கேட்டுச்சா?”

“எங்கடா கேட்டுது. கரகரன்னு ஒரே பேஜாரு.”

“அப்புறம் அஞ்சுன்னு எழுதறியே?”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏதோ மரியாதை தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அம்மாந் தொலைவுலேந்து நமக்கோசரம் தமிழ் கத்துக்கினு பேசறாங்கோ. சரியா கேக்கலன்னு எய்தனா அவங்களுக்கு மனசு நோவாதா? கண்ணாலத்துக்குப் போயி துன்னுட்டு, சாம்பார்ல உப்பு கம்மின்னு எய்திக் குடுத்துட்டு வருவியா நீ?”

“இது கல்யாணம் இல்லண்ணா, ரிப்போர்ட்டு!”

“எல்லாம் ஒண்ணுதான் நைனா.”

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமிழ்நாடு முழுக்க அத்தனை மன்றங்களும் இதே கதைதான். உபசாரம் பாதி, வருடக் கடைசியில் வரும் பளபளப்பான காலண்டர் பாதி. நான் அந்தப் புரட்டாசியில் நிலையத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். வரைபடமும் வைத்தேன். ‘இது புள்ளி குறைந்த வருடம். ஐப்பசிக்குப் பிறகு மாலை ஏழு மணிக்கு மேல் பதின்மூன்று மெகாஹெர்ட்ஸ் எங்கள் ஊருக்கு வராது. தயவுசெய்து ஒன்பதுக்கு இறங்குங்கள்’ என்று கெஞ்சினேன். பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றியாம். ஆனால் என் மாவட்டத்திலிருந்து வரும் எல்லா அறிக்கைகளும் ஒலி மிகத் தெளிவாக இருப்பதாகவே சொல்கின்றனவாம். கூடவே ஒரு காலண்டர். அதைக் கொண்டுபோய் தயாளண்ணன் முன்னால் போட்டேன். படம் அழகாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார் மனிதர்!

இந்தக் கூத்தில்தான் கஸ்தூரி அண்ணியின் பெயர் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணி தயாளண்ணனின் மனைவி. ரேடியோ என்றாலே ஆகாது. ஆனால் அவர் பெயரில் மாதாமாதம் அறிக்கை போய்க்கொண்டிருந்தது. பெண் நேயர் ஒருவரைத் தொலைபேசியில் பேட்டி எடுக்கப்போகிறோம், தவறாமல் எழுதும் கஸ்தூரி அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று ஒருநாள் கடிதம் வந்தது. தயாளண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அண்ணியிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார்.

“எம் பேர்ல நீ எய்திக்கினு இருந்தியா? அதுவும் ரெண்டு வர்சமா?” என்று அண்ணி கரண்டியோடு வெளியே வந்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்தபோது இருமல் வந்தது. அந்த இருமலும் தொண்டைக் கட்டும் நாலைந்து மாதமாகவே இருந்தன. சுக்கும் மிளகும் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

பேட்டிக்குத் தேதி குறித்த பிறகுதான் சென்னை ஆஸ்பத்திரியில் அது வெறும் தொண்டைக் கட்டு இல்லை என்றார்கள். குரல்வளையில் புற்று. எடுத்தால் உயிர் நிற்கும், ஆனால் குரல் போய்விடும். வேறு வழி இல்லை. அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். பேட்டி அதற்கு ஆறு நாள் முன்னால் வந்தது.

வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று தயாளண்ணன் கேட்டார். அண்ணி ஒரே பிடியாக நின்றார். “பூடப் போவுது. அதுக்கு மின்னாடி ஒரு தபா பேசிட்றேன். நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு.”

பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டில்தான் போன் இருந்தது. நிலையத்திலிருந்து பகல் நேரத்தில் கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஷிப்டில் இருந்தோம். வாத்தியார் வீட்டார், பாவம், கௌரவமாக வெளியே போய் நின்றுகொண்டார்கள். அண்ணி தனியாகப் பேசினார். மார்கழி முதல் ஞாயிறு, மாலை ஏழரை மணி நேயர் நிகழ்ச்சியில் ஒலிபரப்புவோம் என்று சொன்னார்களாம்.

ஆக, அண்ணியின் குரல் அறுவைக்குப் பிறகு ஒரேயொரு முறை வானத்திலிருந்து இறங்கி வரப்போகிறது. அதை கேசட்டில் பிடித்துவிட வேண்டும். அதன் பிறகு ஆயுசுக்கும் அவர் குரல் என்று வீட்டில் இருக்கப்போவது அதுதான். தயாளண்ணன் நல்ல கேசட்டாக மூன்று வாங்கினார். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் நாடா உரசும் தலையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தோம். தென்னையிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினோம். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் வைத்தோம். எல்லாம் செய்துகொண்டே நான் நச்சரித்தேன்: “அண்ணா, கம்பி என்ன பண்ணும்? வானம் தாங்கணும். ஏழு மணிக்கு மேல தாங்காது. கணக்கு சொல்லுது.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?” என்றார். நிலையத்துக்கு அவசரக் கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அறுவை நடந்தது. அண்ணி உயிரோடு திரும்பி வந்தார், கழுத்தில் கட்டோடு.

அந்த ஞாயிறு மாலை மன்றத்து ஆட்கள் பதினைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நாற்காலியில் இருந்தார். பம்பு செட்டுகள்கூட அன்று ஓடவில்லை, இரைச்சல் இல்லை. ஏழரைக்கு நிலையத்தின் இசை வந்தது. நன்றாகவே வந்தது. தயாளண்ணன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், “உன் கணக்கை ஆத்துல போடு” என்கிற மாதிரி. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஐந்து நிமிடம் யார் யாரோ கடிதங்கள் வாசித்தார்கள். ஒலி ஏறியது, இறங்கியது. ஏறும்போது கொஞ்சமாக ஏறியது, இறங்கும்போது நிறைய இறங்கியது. “அடுத்ததாகத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து நம்மோடு பேசுபவர்...” என்று அறிவிப்பாளர் சொன்னார். அவ்வளவுதான். அப்படியே மெல்ல மெல்ல அமுங்கி, வெறும் காற்றுச் சத்தம். நான் குமிழைத் திருகினேன், ஏரியலைப் பிடித்தேன், எர்த்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒருவரை விரட்டினேன். காற்றுச் சத்தம்தான். ஒரே ஒருமுறை ஒரு பெண்குரலின் நிழல் மாதிரி ஏதோ வந்தது. அது அண்ணியா, அறிவிப்பாளரா, என் பிரமையா, தெரியாது.

இதை எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. என் வரைபடத்தில் கோடு கீழே விழுந்த இடமும் ரேடியோ செத்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. “பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல!” என்று வாய்விட்டுச் சொன்னேன். அண்ணி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தயாளண்ணன் பொத்தானை நிறுத்தவும் மறந்து, கேசட் தீர்ந்து தானாக ‘டக்’கென்று நிற்கும்வரை அப்படியே இருந்தார்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள், என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கேட்டாள். ‘ஏன்யா, டூ-இன்-ஒன் வீட்டில் இருந்தது. கேசட் மூன்று இருந்தது. பேட்டி முடிந்து ஆறு நாள் அந்த அம்மா வாயோடு நடமாடிக்கொண்டிருந்தார். முன்னால் உட்காரவைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன?’ அழுத்தியிருக்கலாம். அறிவு இருந்தால் அழுத்தியிருப்போம். அந்த ஆறு நாளும் நாங்கள் தென்னைமரத்தில் இருந்தோம். பக்கத்தில் இருந்து பேசினால் அது எங்களுக்கு வெறும் பேச்சு. ஆயிரம் மைல் போய் வானத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் ஒலி. ரேடியோக் கிறுக்குப் பிடித்த இரண்டு கழுதைகள், வேறென்ன சொல்ல.

அதற்குப் பிறகு பட்ட பாடு தனி. ஒலிப்பதிவின் நகல் வேண்டும் என்று நிலையத்துக்கு எழுதினோம். ஒலிபரப்பான நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம், வருந்துகிறோம் என்று நாலு மாதம் கழித்துப் பதில். தெற்கே வானம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டு, தெரிந்த மன்றங்களுக்கெல்லாம் நான் கார்டு போட்டேன். பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் நிகழ்ச்சி மிகத் தெளிவாகக் கேட்டது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து அதில் ஒருவர் ஊருக்கே போய் நின்றேன்.

“கஸ்தூரின்னு ஒருத்தங்க பேசினாங்களே, பதிவு பண்ணீங்களா?”

“பண்ணலையே தம்பி. ஆனா நல்லாக் கேட்டுச்சு.”

“என்ன பேசினாங்க?”

“நல்லாப் பேசினாங்க.”

“நல்லான்னா, என்ன?”

மனிதர் தலையைச் சொறிந்தார். கரண்ட் இல்லை, அன்றைக்கு ரேடியோவே வைக்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். தூரத்திலிருந்து எழுதிக் கேட்கிறவர் மனசு நோகக்கூடாதே என்றுதான் அப்படி எழுதினாராம். அவரை அடிக்கவா முடியும்? அவர் வீட்டு அம்மா மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

தயாளண்ணன் அதோடு அறிக்கை எழுதுவதை விட்டார். மன்றம் கலைந்தது. அடுத்த பருவத்தில் நிலையம் ஒன்பது மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. அறிக்கைகள் நின்றுபோனதால் பயந்து மாற்றினார்களோ என்னவோ. ஜம்மென்று கேட்டது, கேட்கத்தான் எங்களுக்கு மனம் இல்லை. பிறகு அந்த நிலையமும் சிற்றலையை நிறுத்திவிட்டது. கம்பி ஆலை இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கு.

செயலி வந்த எரிச்சலில் நேற்று திருப்பாச்சூர் போனேன். தயாளண்ணனுக்கு வயதாகிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. செயலியில் அந்தப் பழைய பாதையைப் போட்டுக் காட்டினேன். உடனே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“அன்னிக்கு நீ ஏரியலப் புட்ச்சி இய்த்ததுலதான் பூட்ச்சி” என்றார் அவர்.

“ஏரியல் இல்லண்ணா! எத்தனை தபா சொல்றது? பதின்மூணு மெகாஹெர்ட்ஸ் அந்த நேரத்துல வானத்தக் கிழிச்சுக்கினு பூடும்!”

“வானம் இன்னா கோணிப்பையா கிய்யறதுக்கு?”

இத்தனை வருடமும் இதே சண்டைதான், இதே வார்த்தைகள்தான். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். எப்போதும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தார் தயாளண்ணன். தகர டப்பா மாதிரி கேட்கிறது என்று இரண்டே நாளில் பீரோவில் வைத்துவிட்டார். வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுவார். நேற்று போகவில்லை. நின்றபடியே எதையோ தட்டி, எங்கள் இருவர் மூஞ்சிக்கும் நடுவில் நீட்டினார்.

‘அன்னிக்கு நான் இன்னா பேசனேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா ரெண்டு பேரும்?’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மை. போனில் பேசிவிட்டு வந்த அன்று மாலை ஷிப்ட் முடிந்து ஓடிவந்து நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: லைன் தெளிவாக இருந்ததா? இருந்தது என்றார். அதோடு ஏணியை எடுத்துக்கொண்டு தென்னைக்குப் போய்விட்டோம். பிறகு ஆறு நாள் அவருக்குக் குரல் இருந்தது. அதன் பிறகு கையும் காகிதமும் இருந்தன. அலைவரிசை கேட்டோம், நிலையத்தைக் கேட்டோம், யாரோ ஊர்பேர் தெரியாதவரை ராத்திரி பஸ்ஸில் போய்க் கேட்டேன். இவரைக் கேட்கவில்லை.

தயாளண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னாம்மே பேசன?” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அண்ணி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பித் தட்ட ஆரம்பித்தார். நிறுத்தினார். தட்டியதை அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினார்.

‘மறந்துட்டேன்.’